300 ரூபாயைப் பிரிக்கச் சொல்லும் ஓ-ட்ரீ: கொங்குப் பக்கம் எவ்வளவு தூரம் ஓடும்?

ஓ-ட்ரீ ஓர் இலவச மென்பொருள். முகம் தெரியாத இரண்டு பேர் கையில் பணத்தைக் கொடுத்து, "நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு என்ன நடக்கிறது என்று பார்க்கும் பொருளியல் சோதனைகளுக்காக எழுதியது. டேனியல் சென், மார்ட்டின் ஷோங்கர், கிறிஸ் விக்கன்ஸ் மூவரும் 2016-இல் ஒரு கட்டுரையாக இதை அறிமுகப்படுத்தினார்கள். பயன்படுத்தினால் அந்தக் கட்டுரையைச் சுட்ட வேண்டும், அதுதான் விலை. பைத்தான் கொஞ்சம் தெரிந்த ஆராய்ச்சி மாணவர் ஒரு வாரம் உட்கார்ந்தால் கைக்கு வந்துவிடும். கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றின் கணினிக் கூடத்தில் நடத்துவதற்கு இதைவிட நல்ல சாமான் கிடையாது. அதையே சோமனூர் தறிக்குடோனுக்கும் ஆழியாற்றுக் கடைமடைக்கும் தூக்கிக்கொண்டு போனால் நிலைமை வேறு. இங்கே பேச்சு பெரும்பாலும் அந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான்.

நியாய உணர்வை அளக்கும் சோதனைக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. மென்பொருள் தானாக வைத்திருக்கும் அமைப்புகள் மற்ற ஆய்வுகளில் வெறும் வசதிக்குறைவு. இங்கே அவை விடைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். எப்படி என்பது போகப்போகத் தெரியும்.

முதலில் ஆட்டங்கள். 1982-இல் ஜெர்மனியில் வெர்னர் கியூத்தும் இன்னும் இருவரும் நடத்தியது 'இறுதி வாய்ப்பு' ஆட்டம்: ஒருவர் பிரித்துச் சொல்வார், மற்றவர் வாங்கிக்கொள்ளலாம், அல்லது வேண்டாம் என்று சொல்லி இருவருக்கும் ஒன்றுமில்லாமல் செய்துவிடலாம். மறுக்கும் உரிமையை எடுத்துவிட்டால் அது 'டிக்டேட்டர்' ஆட்டம். 1995-இல் பெர்க், டிக்ஹாட், மெக்கேப் கொண்டுவந்தது நம்பிக்கை ஆட்டம்: 10 டாலரில் விரும்பியதை அனுப்பலாம், போகும் வழியில் அது மூன்று மடங்காகும், பெற்றவர் திருப்பித் தரலாம், தராமலும் இருக்கலாம். சராசரியாக அனுப்பியது 5.16 டாலர், திரும்பி வந்தது 4.66. நாலாவது, பொதுநிதி ஆட்டம்: எல்லோரும் ஒரு பொது உண்டியலில் விரும்பியதைப் போடுவார்கள், அது பெருகி எல்லோருக்கும் சமமாகப் பிரியும். நான்கையும் ஓ-ட்ரீயில் எழுதலாம். டிக்டேட்டர், நம்பிக்கை, பொதுநிதி ஆகியவற்றுக்கு மாதிரி நிரல்களும் உண்டு.

நிறுவுவது எளிது. பைத்தான் போட்டு, ஒரு கட்டளையில் ஓ-ட்ரீயை இறக்கி, 'ஸ்டார்ட்புராஜெக்ட்' அடித்தால் அடைவு தயார். 'டெவ்சர்வர்' அடித்தால் 8000-ஆம் வாயிலில் (போர்ட்) ஓடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பைத்தான் கோப்பு, பக்கத்துக்கு ஓர் எச்டிஎம்எல் கோப்பு. 5-ஆம் பதிப்பிலிருந்து, அதுவரை அடித்தளமாக இருந்த ஜாங்கோ என்ற பைத்தான் வலைச் சட்டகத்தைக் கழற்றிவிட்டதால் நிரல் நன்றாகச் சுருங்கிவிட்டது. பழைய பதிப்பை வைத்து எழுதிய வழிகாட்டிகளைப் பார்த்துத் தட்டச்சு செய்தால் சில வரிகள் ஓடாமல் போகலாம், அதை மட்டும் கவனித்துக்கொள்ளவும். மாறிகளைக் கூட்டினாலோ பெயர் மாற்றினாலோ தரவுத்தளத்தை 'ரீசெட்' செய்யச் சொல்லும். செய்தால் அதுவரை சேர்ந்த எல்லாத் தரவும் போய்விடும். காலை அமர்வு முடிந்து மாலை அமர்வுக்கு முன் "ஒரே ஒரு கேள்வி சேர்த்துக்கலாம்" என்ற ஆசை வரும்போது முதலில் தரவை இறக்கிப் பத்திரப்படுத்த வேண்டும்.

மாதிரி நிரலை அப்படியே எடுத்து ஓட்டுபவர்கள் பொதுநிதி ஆட்டத்தில்தான் அதிகம் சறுக்குவார்கள். 2000-இல் ஃபேர், கேஷ்டர் இருவரும் நடத்திய புகழ்பெற்ற சோதனையில் குழுவுக்கு 4 பேர், ஆளுக்கு 20 வில்லை. பொது உண்டியலில் போடும் ஒவ்வொரு வில்லைக்கும் நால்வருக்கும் தலா 0.4 கிடைக்கும். எல்லோரும் முழுதாகப் போட்டால் ஆளுக்கு 32. யாரும் போடாவிட்டால் ஆளுக்கு 20. மூவர் போட ஒருவர் மட்டும் கையை மூடிக்கொண்டால் அவருக்கு 44, மற்றவருக்கு 24. ஓ-ட்ரீ மாதிரியில் குழுவுக்கு 3 பேர்தான், அதை மாற்றுவது சுலபம். ஆனால் அது தலைக்குக் கிடைக்கும் பங்கைக் கேட்பதில்லை, மொத்த உண்டியலின் பெருக்கெண்ணைக் கேட்கிறது. கட்டுரையில் 0.4 என்று படித்துவிட்டு அந்த இடத்தில் 0.4 என்று போட்டால், 80 வில்லை 32 ஆகச் சுருங்கி நாலு பேருக்கும் எட்டெட்டு வரும். போடவேண்டியது 1.6. இது தெரியாமல் ஓட்டினால் "இந்த ஊர்க்காரர்களுக்கு ஒத்துழைப்பே இல்லை" என்ற முடிவு சுலபமாகக் கிடைத்துவிடும். போட்ட பணம் கண்ணெதிரே கரைகிற உண்டியலில் எந்த ஊர்க்காரர் போடுவார்?

அடுத்தது நழுவுபட்டை (ஸ்லைடர்). கைப்பேசியில் எண் தட்டுவதைவிட விரலால் நகர்த்துவது எளிது என்று பலரும் ஓ-ட்ரீ பக்கத்தில் நழுவுபட்டையைச் சேர்ப்பார்கள். உலாவியில் நழுவுபட்டைக்குத் தொடக்க மதிப்பு எதுவும் கொடுக்காவிட்டால் அது நடுவில் நிற்கும். 0 முதல் 300 வரை என்றால் 150-இல். அதாவது, தொடாமலேயே 'அடுத்து' பொத்தானை அழுத்தியவர் சரிபாதி கொடுத்த தர்மவான் ஆகிவிடுவார். கிறிஸ்டோஃப் எங்கெல் 2011-இல் டிக்டேட்டர் ஆட்டங்களைத் திரட்டிப் பார்த்ததில் சராசரிக் கொடை ஏறத்தாழ 28 விழுக்காடு. மூன்றில் ஒருவருக்கு மேல் ஒன்றுமே கொடுக்கவில்லை. அந்த அளவுகோலில் பார்த்தால் சோம்பேறி விரல்கள் சில போதும், முடிவு தலைகீழாக. ஓ-ட்ரீயின் சொந்த எண் பெட்டி காலியாகத்தான் தொடங்கும். அதையே வைத்துக்கொள்ளுங்கள். பட்டைதான் வேண்டும் என்றால், தொட்ட பிறகே குமிழ் தோன்றும்படி நாலு வரி ஜாவாஸ்கிரிப்ட் எழுத வேண்டும். படிக்கத் தடுமாறுபவர்களுக்கு 30 ரூபாய்க் கட்டுகள் பத்தின் படத்தை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் 'எனக்கு', 'அவருக்கு' என்ற இரண்டில் ஒன்றைத் தொட்டு ஒதுக்கச் செய்வது இன்னும் நல்லது. எதையும் தொடாமல் அடுத்த பக்கம் போக முடியாது.

இதற்கு நேர் எதிரான பிழை நேர வரம்பில் இருக்கிறது. பக்கத்துக்கு 60 விநாடி என்று வைத்து, அதற்குள் பதில் வராவிட்டால் ஓ-ட்ரீ பக்கத்தைத் தானே சமர்ப்பித்துவிடும். காலி எண் பெட்டிக்கு அது போடும் மதிப்பு 0. ஆம்-இல்லை கேள்விக்கு 'இல்லை'. கட்டுப்பாட்டுத் திரையில் 'பின்தங்கியவரை முன்னே தள்ளு' என்ற பொத்தானை அழுத்தினாலும் இதே கதி. வேறு ஆய்வில் 0 என்பது விடுபட்ட பதில். இங்கே 0 என்பது 'ஒரு ரூபாய்கூடத் தரமாட்டேன்', 'இல்லை' என்பது 'அவன் கொடுத்தது அநியாயம், வேண்டாம்'. தறிச் சத்தத்தில் காது மங்கிய பெரியவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தை மென்பொருள் கஞ்சத்தனமாக எழுதிவைத்துவிடும். நேரம் தீர்ந்ததா என்று காட்டும் ஒரு மாறி நிரலுக்குள் கிடைக்கிறது. அதைத் தனிப் பத்தியாகச் சேமித்து, அப்படி வந்த வரிகளைக் கணக்கில் சேர்க்காமல் விட வேண்டும். களத்தில் நேர வரம்பே வைக்காமல் இருப்பது அதைவிட மேல்.

அடுத்தது, ஜோடி சேர்ப்பு. கொங்குப் பக்கம் இதுதான் பெரிய குழி. ஓ-ட்ரீ வந்த வரிசையில் ஆட்களுக்கு எண் கொடுத்து, 1-2, 3-4 என்று வரிசையாகவே குழு சேர்க்கும். கலைக்காமல் விட்டால் பக்கத்துப் பக்கத்து நாற்காலிக்காரர்கள் ஜோடியாவார்கள். ஒரே வண்டியில் வந்த அண்ணன் தம்பி, பனியன் கம்பெனியில் ஒரே லைனில் தைக்கும் தோழிகள், மாமனும் மச்சானும். 'வந்த நேரத்தின்படி குழு சேர்' என்ற வசதி இணையத்தில் முகம் தெரியாதவர்களைச் சேர்ப்பதற்கு அருமையானது, ஊரில் நேர் எதிர். அமர்வு தொடங்கும்போதே குழுக்களைக் கலைத்துச் சேர்க்கும் ஒரு வரியைக் கட்டாயம் எழுத வேண்டும். அதோடு, 1-ஆம் எண்காரரே எப்போதும் பிரிப்பவர் என்ற அமைப்பையும் உடைக்க வேண்டும், முன்னால் வந்து உட்காருகிறவர் பெரும்பாலும் ஊரில் கொஞ்சம் செல்வாக்குள்ளவர். கலைத்தாலும் ஒரே ஊரிலிருந்து 24 பேரை அழைத்தால் "முகம் தெரியாத இன்னொருவர்" என்பது பேச்சுக்குத்தான். எந்தத் தெரு, யார் வகையறா என்று எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். மங்கலத்தில் 12 பேர், பல்லடத்தில் 12 பேர் என்று ஒரே நேரத்தில் நடத்தி ஊர்விட்டு ஊர் ஜோடி சேர்த்தால்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். ஓ-ட்ரீ ஒரே சர்வரிலிருந்து இரண்டு ஊருக்கும் பரிமாறும். இந்த ஓர் இடத்தில், காகிதத்தையும் கவரையும் வைத்துக் கையால் நடத்தும் பழைய முறை அதற்கு ஈடாகாது.

அப்படிச் செய்தால் காத்திருப்புப் பக்கம் தலைவலி தரும். குழுவில் ஒருவர் பாதியில் எழுந்து போனால் மற்றவர் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அமர்வில் ஆள் எண்ணிக்கை குழு அளவின் மடங்காக இல்லாவிட்டால் அமர்வையே திறக்காது. எனவே 24 பேர் தேவை என்றால் 27 பேரை வரச்சொல்லி, மிஞ்சியவர்களுக்கு வருகைப் பணம் கொடுத்து அனுப்ப வேண்டும். இறுதி வாய்ப்பு ஆட்டத்துக்கு இன்னொரு வழியும் உண்டு: ரெய்ன்ஹார்ட் செல்ட்டன் 1967-இல் முன்வைத்த உத்தி முறை. எவ்வளவு கொடுத்தார்கள் என்று தெரிவதற்கு முன்பே 0, 30, 60 என்று 300 வரை 11 தொகைகளுக்கும் 'வாங்கிக்கொள்வேனா, மாட்டேனா' என்று கேட்டுவிடுவது. ஒவ்வொருவரும் தம் வேகத்தில் முடிப்பார்கள், காத்திருப்பு கடைசியில் ஒரே ஒரு தடவை. விலையும் இருக்கிறது: நேரில் குறைந்த தொகையைக் கண்டு வரும் சூடு பட்டியலில் டிக் அடிக்கும்போது வராது. தண்டிக்கும் ஆசையை அளப்பதுதான் நோக்கம் என்றால் இந்த முறை அதைக் குறைத்துக் காட்டக்கூடும். இன்னொன்று, 11 வரிசையும் சின்னக் கைப்பேசித் திரையில் ஒன்றாக அடங்காது. கடைசி நாலு வரிசை கண்ணில் படாமலே போகும். பக்கத்துக்கு ஒரு தொகை என்று பிரித்து, வரிசையைக் குலுக்கிக் காட்டுவது உத்தமம்.

தமிழ் எழுத்தில் சிக்கல் இல்லை, கோப்புகளை யுடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் போதும். 'அடுத்து', 'காத்திருக்கவும்' போன்ற ஓ-ட்ரீயின் சொந்த வாசகங்களைத் தமிழில் வரும் என்று நம்பியிராமல் பொத்தானையும் காத்திருப்புப் பக்கத் தலைப்பையும் கையாலேயே எழுதிவிடலாம். உண்மையான வேலை சொல் தேர்வில் இருக்கிறது. 2004-இல் லீபர்மன், சாமுவேல்ஸ், ராஸ் மூவரும் ஒரே ஆட்டத்துக்கு 'வால் ஸ்ட்ரீட் ஆட்டம்' என்றும் 'சமூக ஆட்டம்' என்றும் இரண்டு பெயர் வைத்துப் பார்த்தார்கள். இரண்டாவது பெயரைக் கேட்டவர்கள் மிக அதிகமாக ஒத்துழைத்தார்கள். பெயர் ஒன்றே அவ்வளவு செய்யும் என்றால், 'டிக்டேட்டர்' என்பதைச் 'சர்வாதிகாரி' என்று திரையில் போடுவதை நினைத்துப் பாருங்கள். 'பங்கு' என்ற சொல்லும் ஆகாது. பங்கு என்றாலே பங்காளி, பாகப்பிரிவினை, வாய்க்கா வரப்புத் தகராறு எல்லாம் பின்னாலேயே வரும். 'உங்கள் பங்கு' என்று எழுதினால் அது ஏற்கெனவே அவருக்கு உரியது என்று ஆகிவிடும். 'தானம்' என்றால் கோயில் நினைவு. 'எதிராளி' என்றால் சண்டை. 'நியாயம்' என்ற சொல் அறிவுறுத்தலில் ஓரிடத்திலும் தலைகாட்டக் கூடாது, அளக்க வந்ததே அதைத்தான். "இந்த 300 ரூபாயில் உங்களுக்கு எவ்வளவு, அந்த இன்னொருவருக்கு எவ்வளவு?" என்று மொட்டையாகக் கேட்பதே சரி. பதில் பொத்தானிலும் 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்' என்று தாலுகா ஆபீஸ் தமிழ் வேண்டாம். "சரிங்க, வாங்கிக்கறேன்" என்று ஒன்று, "வேண்டாங்க, ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லாம போகட்டும்" என்று மற்றொன்று. இரண்டாவது பொத்தானிலேயே விளைவு எழுதியிருப்பதால் புரியாமல் அழுத்துவது குறையும்.

விளக்கத்துக்குக் கொடுக்கும் உதாரணமும் ஒட்டிக்கொள்ளும். "எடுத்துக்காட்டாக, 150 கொடுத்தால்..." என்று சொன்னால் அறை முழுக்க 150 வரும். உதாரணத் தொகையைக் கைப்பேசியே ஆளுக்கொன்றாகக் குலுக்கிக் காட்டும்படி நிரலில் எழுதிவிடலாம். காகிதத்தில் செய்ய முடியாத இன்னொரு நல்ல காரியம் இது.

குடோனுக்குள் இணையம் வேண்டியதே இல்லை. மடிக்கணினியை சர்வராக வைத்து, ஒரு சின்ன வைஃபை ரவுட்டரைப் போட்டு, கைப்பேசிகளில் மடிக்கணினியின் உள் முகவரியைத் தட்டினால் ஓடும். 'ரூம்' என்ற வசதியை வைத்து எல்லோருக்கும் ஒரே இணைப்பைக் கியூஆர் குறியாக ஒட்டிவிடலாம். ஆளுக்கு ஓர் எண்ணைப் பட்டியலாகக் கொடுத்துவைப்பது அவசியம், இல்லாவிட்டால் உலாவி மாற்றித் திறந்தவர் இரண்டாவது ஆளாகப் பதிவாகிவிடுவார். இடறும் இடங்கள் மூன்று, நாலு உண்டு. விண்டோஸ் ஃபயர்வால் வெளிக் கைப்பேசிகளைத் தடுக்கும், 'தனியார் வலை' என்று அனுமதி கொடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசி "இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை" என்று கண்டுபிடித்துத் தானே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், பக்கம் திறக்காது. எனவே முதல் வேலை எல்லோருடைய டேட்டாவையும் அணைக்கச் சொல்வது. ரவுட்டர் மின்சாரம் போனதும் மடிக்கணினிக்கு வேறு முகவரி கொடுத்துவிடலாம், முகவரியை நிலையாகக் கட்டிவைக்க வேண்டும். மின்வெட்டுக்கு மடிக்கணினியில் பேட்டரி உண்டு, ரவுட்டருக்குக் கிடையாது. 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று பையில் இருக்கட்டும். அழகுக்காக இணையத்திலிருந்து தமிழ் எழுத்துரு இழுக்கும் வரியைப் பக்கத்தில் போட்டிருந்தால் இங்கே அது வராது, கைப்பேசியின் சொந்த எழுத்துருவே போதும். பணம் சம்பந்தப்பட்ட அமர்வை எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில் ஓட்டாமல் போஸ்ட்கிரெஸ் என்ற பெரிய தரவுத்தளத்தில் ஓட்டுவது பாதுகாப்பு. இணைய சர்வர்தான் வேண்டுமென்றால், பழைய வழிகாட்டிகள் சொல்லும் ஹெரோகு இலவசத் திட்டம் 2022 நவம்பரோடு முடிந்துபோனது.

தண்ணீர் முறை ஆட்டம் எழுத நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தில் ஆயக்கட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறை வைத்துத்தான் நீர் விடுகிறார்கள், ஒவ்வொரு வாய்க்காலிலும் தலைமடைக்காரர் எடுத்தது போகத்தான் கடைமடைக்கு. இதை ஓ-ட்ரீயில் கொண்டுவர, குழுவில் 1-ஆம் எண்காரர் முதலில் எடுப்பார், 5-ஆம் எண்காரர் கடைசியில் என்று வரிசைப்படுத்தலாம். ஆனால் நடுவே நாலு காத்திருப்புப் பக்கம். பத்துச் சுற்று என்றால் நாற்பது. கடைமடைக்காரர் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். உண்மைக்கு அது ரொம்பப் பக்கம்தான், ஆனால் தூங்கிவிடுவார். புதிய பதிப்பில் உள்ள 'லைவ் பக்கம்' வசதியை வைத்து மேலே உள்ளவர்கள் எடுப்பதை உடனுக்குடன் காட்டினால் விழித்திருப்பார், ஆனால் அப்போது ஆட்டமே வேறாகிவிடும்: பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தவர் எடுக்கும் அளவு வேறு.

கோவைக் கூடத்துக்கு இன்னொரு தேர்வு ஸெட்-ட்ரீ, சூரிச்சில் உர்ஸ் ஃபிஷ்பாக்கர் எழுதி 2007-இல் கட்டுரையாக வந்தது. பழைய பெரிய ஆய்வுகளில் ஏராளமானவை அதில் ஓடியவை. அவற்றை அப்படியே மறுபடி நடத்த வேண்டுமென்றால் அதுவே தேவை. ஆனால் விண்டோஸ் கணினி வேண்டும், அதற்கென்றே ஒரு மொழி பழக வேண்டும், கைப்பேசிக்கு நேராக ஓடாது. புதிதாகத் தொடங்குபவர் அந்தப் பக்கம் போகவேண்டிய காரணம் தெரியவில்லை.

ஓ-ட்ரீ எவ்வளவு திறமையாக எழுதினாலும் அதால் முடியாதவை உண்டு. பணம் எப்படி வந்தது என்பது ஒன்று. 1994-இல் ஹாஃப்மன், மெக்கேப், ஷசாட், ஸ்மித் நால்வரும் பிரிப்பவர் இடத்தை ஒரு பொது அறிவுப் போட்டியில் சம்பாதிக்கச் செய்தபோது, கொடுக்க முன்வந்த தொகை குறைந்தது. திரையில் திடீரென வந்த 300 ரூபாயும் இரண்டு ஷிப்ட் ஓட்டி வந்த 300 ரூபாயும் ஒன்றல்ல. தொகையின் அளவு மற்றொன்று. வடகிழக்கு இந்தியக் கிராமங்களில் 20 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய் வரை வைத்து இறுதி வாய்ப்பு ஆட்டம் நடத்திய 2011 ஆய்வில், மிகப் பெரிய தொகைக்கு வந்தபோது குறைவாகக் கிடைத்தாலும் மறுத்தவர் 24 பேரில் ஒரே ஒருவர். எனவே கல்லூரி மாணவர்களிடம் 50 ரூபாயில் கண்ட ரோஷத்தைப் பல்லடம் கூலி ஒப்பந்தப் பேச்சுக்கு நீட்டக் கூடாது. கூலி வித்தியாசம் வேலையை எப்படித் தொடுகிறது என்று பார்க்க வேண்டுமென்றால், ஒடிசாவில் 378 பேரை உண்மையாகவே வேலைக்கு வைத்துச் செய்த ஆய்வு (பிரெசா, கவுர், ஷாம்தசானி, 2018) மாதிரி களத்தில் இறங்க வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கு அதிகம் கொடுத்தால் குறைந்த கூலிக்காரரின் வருகையும் உற்பத்தியும் விழுந்தன. அதிகம் வாங்குபவர் உண்மையிலேயே அதிகம் செய்கிறார் என்று கண்ணால் பார்க்க முடிந்த இடத்தில் அந்தச் சரிவு இல்லை. இதை எந்தத் திரையும் காட்டாது.

மதிப்பெண் கேட்டால்: கணினிக் கூடத்துக்கு ஐந்தில் நாலரை. ஊர்விட்டு ஊர் ஜோடி சேர்க்கும் ஆய்வுக்கு நாலு. ஒரே ஊரில், படிக்கத் தடுமாறுகிறவர்களிடம், டிக்டேட்டர் ஆட்டம் மட்டும் என்றால் இரண்டரை. அங்கே கவர்தான் சிறந்தது.

பணம் கொடுக்கும் விதமும் இதோடு சேர்ந்ததுதான். ஓ-ட்ரீ கடைசியில் ஆளுக்கு எவ்வளவு என்று பட்டியல் தரும். நாணயக் குறியீட்டை இந்திய ரூபாயாக மாற்றி, புள்ளிக் கணக்கை அணைத்துவிட்டால் திரையிலும் ரூபாயே தெரியும். 24 பேர், 12 ஜோடி, ஜோடிக்கு 300 என்றால் 3,600. வருகைப் பணம் தலைக்கு 100 என்றால் 2,400. மிஞ்சும் மூவருக்கும் வருகைப் பணம் 300. ஆக 6,300-க்குள் ஓர் அமர்வு முடியும். எல்லாத் தேர்வுகளையும் 30-இன் மடங்காக வைத்தால் சில்லறைக்கு அலையவேண்டாம், 287 ரூபாய் என்று வந்தால் அறையே நின்றுவிடும். யுபிஐ-யில் அனுப்பிவிடலாம் என்று தோன்றும். கூடாது: அனுப்புகிறவர் திரையில் பெறுகிறவரின் பெயர் வந்துவிடும், யார் எவ்வளவு வைத்துக்கொண்டார் என்று ஆய்வாளருக்குத் தெரிந்துவிடும், அது தெரியும் என்று ஊருக்கும் தெரிந்துவிடும். "ஏனுங்க, நாங் குடுத்தது யாருக்கும் தெரியாதுன்னீங்களே?" என்று கேட்டால் பதில் இல்லை. எண் மட்டும் எழுதிய கவரை, தொகை தெரியாத மூன்றாவது ஒருவர் கொடுப்பதுதான் முறை.

கவரில் ஆட்டத்தையே நடத்துவதாக இருந்தால், மேலே சொன்ன 1994 ஆய்வின் ஏற்பாடு இன்றும் அசைக்க முடியாதது. ஒரு கவரில் பத்து நோட்டும் பத்து வெற்றுத் தாளும். ஒருவர் தனியாகப் போய் மொத்தம் பத்தை எடுத்துக்கொண்டு பத்தை விட்டுவைக்க வேண்டும், எத்தனை நோட்டு எத்தனை தாள் என்பது அவர் இஷ்டம். எல்லாக் கவரும் ஒரே கனம். 14 கவரில் இரண்டில் இருபதும் வெற்றுத் தாள், அதனால் ஒன்றும் வராதவர்கூட 'அவர் கஞ்சன்' என்று சொல்ல முடியாது. அப்படி மறைத்தபோது மூன்றில் இரண்டு பேர் ஒன்றுமே கொடுக்கவில்லை. இங்கே செய்வதானால் 20 ரூபாய் நோட்டு, மொத்தம் 200. வங்கியில் புதிய வரிசைக் கட்டாகக் கேட்டு வாங்கவும், பழைய 20 ரூபாய் நோட்டு நீளம் அதிகம், கவரைத் தடவினாலே தெரிந்துவிடும். வெற்றுத் தாளை 129 மில்லிமீட்டருக்கு 63 மில்லிமீட்டர் என்று வெட்டச் சொல்லுங்கள். அச்சகத்தில் கேட்டால் கட்டிங் மெஷினில் ஐந்து நிமிட வேலை. சாதாரண ஏ4 தாள் தொட்டால் நோட்டுப் போல இருக்காது, கொஞ்சம் முறுகலான பாண்ட் தாளாகப் பார்த்து எடுக்கவும்.